பச்சைத் தொப்பிக்கு ஒரு சொல்

நான் வேலையிலிருந்து நின்று நான்கு வருடம் ஆகிறது. இன்னும் அலுவலக எண்ணிலிருந்து போன் வந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் மனது ஓடும். போன மாதம் ஒரு காலையில் அப்படித்தான் மணி அடித்தது. பேசியது மெர்சி, கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற பெண்.

“அண்ணாச்சி, பதறாதீய. யாருக்கும் ஒண்ணும் ஆவல. பழைய ஆள்சேர்ப்புப் பதிவேட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துதோம். உங்க கையெழுத்துல ஒரு சந்தேகம், அதான்.”

“என் கையெழுத்துல ஒரே ஒரு சந்தேகம்தானா?”

அவள் சிரித்தாள். “ஒவ்வொரு ஆளுக்கு நேரயும் ஒரு இங்கிலீஷ் வார்த்த எழுதியிருக்கீய. கிரீன், ரா, நோவிஸ், அஸ்பைரிங். இங்கன எங்களுக்கு ரெண்டே ரெண்டுதான் இருக்கு, புது ஆளுன்னா பிரெஷர், பழகுன ஆளுன்னா எக்ஸ்பீரியன்ஸ்ட். அதனால நாலையும் பிரெஷர்னே தட்டிட்டேன். ஆனா ஒரு ஆளுக்கு மட்டும் கட்டம் காலியா கெடக்கு. ரப்பர் போட்டு அழிச்ச தடம் தெரியுது. காலியா விட்டா மிஷின் அடுத்த பக்கத்துக்குப் போவ மாட்டேங்கு. பேரு சந்தியாகு. என்ன போட அண்ணாச்சி?”

“ரெண்டு நாள் குடும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பை அன்று பற்றவைக்கவே இல்லை.

இதை எழுதுவது மெர்சிக்காகவும், இப்போது கப்பலில் ஆட்களை இறக்கிவிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் பத்தொன்பது வருடம் மூட்டை தூக்கினேன். அதைப் பற்றிச் சொல்ல முதுகுவலியைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் கொடுக்கும் ஒரு கம்பெனியில் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். பதினான்கு பேர் கொண்ட ஒரு கேங் என் பொறுப்பு. வேலை தெரிந்தவன் என்பதற்காக எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. “இவன் பயந்தாங்கொள்ளி. தலையை நாலு மட்டம் எண்ணுவான். இவனையே போடுங்க” என்று சொல்லி என்னைப் போட்டவர் மச்சாது சார்.

மச்சாது சார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. மணப்பாட்டுக்காரர். இருபத்தைந்து வருடம் கப்பலில் ஓடிவிட்டுக் கரைக்கு வந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், ஒரு பாதி பிளேடு. புது ஆட்கள் வந்து நின்றால் முதலில் பென்சிலைச் சீவுவார். சீவி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. அதற்குள் அவர் ஆளைப் பார்த்துவிடுவார். உள்ளங்கை, நிற்கிற நிற்பு, அண்ணாந்து கிரேனைப் பார்க்கிறானா, குனிந்து தரையைப் பார்க்கிறானா. பிறகு என் பக்கம் திரும்பி ஒரே கேள்வி.

“என்ன ஆளு?”

நான் ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொற்களை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எல்லாமே ‘புதுசு’ என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் சொற்கள். ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அடித்தார். மொட்டு விடுவது என்று பொருள்படும் ‘பட்டிங்’ என்ற சொல்லை அடிக்கும்போது, “இவன் பூக்கவா வந்திருக்கான், மரக்கட்டை எறக்க வந்திருக்கான்” என்றார். மிஞ்சியது நான்கு. நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ரா என்றால் உடம்பு வந்துவிட்டது, கண் இன்னும் வரவில்லை. கிரேன் தூக்கும் பாரத்துக்குக் கீழே நிறுத்தக்கூடாது. கிரீன் என்றால் தனக்குத் தெரியாது என்பதே தெரியாதவன். பழைய ஆள் ஒருவனோடு சோடி சேர்க்க வேண்டும். நோவிஸ் என்றால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்தவன், கேட்டுக் கேட்டுச் செய்வான். கேங்கில் முத்தையா என்று ஒரு பழைய ஆள் உண்டு, வாய் சும்மா இருக்காது. “சார், நோவிஸ்னா கன்னியாஸ்திரி மடத்துல புதுசாச் சேந்த பிள்ளைல்லா? இந்த மீசைக்காரனுக்கா அந்தப் பேரு?” என்று கேட்டுச் சாரையே சிரிக்க வைத்தான்.

நான்காவது சொல்லுக்குச் சார் சிரிக்க மாட்டார். அஸ்பைரிங். “ஆசை முன்னால போவும், காலு பின்னால வரும். சொல்லாத எடத்துக்குப் போவான். இவன் சட்டைக்காலர் எப்பவும் ஒரு ஆளு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்.”

புது ஆளுக்குப் பச்சைத் தொப்பி. அதன் நெற்றியில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை வெள்ளைப் பெயிண்டில் நான் எழுதுவேன். கிரேன் ஓட்டுகிறவனும் சிக்னல் காட்டுகிறவனும் எழுத்தைப் பார்த்து நடந்துகொள்வார்கள். பழகிய ஆளுக்கு மஞ்சள் தொப்பி, எழுத்து கிடையாது. பதிவேட்டில் சொல்லைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் மை. கட்டத்தை மட்டும் காலியாக விடக்கூடாது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் சாருக்கு முகம் மாறிவிடும். “பேரில்லாத ஆளக் கப்பல்ல ஏத்திட்டியா?” என்பார்.

சந்தியாகு வந்தது ஒரு மழைக்காலக் காலையில். தருவைகுளத்துக்காரர், நாற்பத்து நாலு வயது. பையன் பருவத்திலிருந்து கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். ஒரு பக்கம் செவிப்பறை கிழிந்து, இனி முங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் துறைமுகத்துக்கு வந்திருந்தார். பேசும்போது தலையைச் சாய்த்து நல்ல காதை நம் பக்கம் கொடுப்பார். அவர் கண் கிரேனையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. கப்பலின் சரக்கு அறைத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடிப்பது போல. அன்று சார் வேறொரு கப்பலில் இருந்தார். நானாகவே முடிவு செய்தேன். அஸ்பைரிங். பச்சைத் தொப்பியில் எழுத்தைப் போட்டுக் காய வைத்தேன்.

அதைக் கண்டதும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இது எனக்கா?”

“முத மூணு மாசம் எல்லாருக்கும் இதுதான் வே.”

“பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ள இங்கனதான் கிரேன் ஓட்டுதான். மேல இருந்து பாத்தா மாமனாரு நெத்தியில எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்கணுமா? கடலுக்குள்ள முப்பது வருசம் கெடந்தவன் அண்ணாச்சி நான். நூத்தி எழுவது எண்ணுத வரைக்கும் மூச்சு விடாம இருப்பேன். நான் புதுசா?”

கண் கலங்கவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆனால் அந்தச் சாய்த்த தலையைப் பார்க்க முடியவில்லை. நான் மஞ்சள் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் பென்சிலால் எக்ஸ்பீரியன்ஸ்ட் என்று எழுதினேன். எழுத்துப் போட்ட பச்சைத் தொப்பியை எங்கள் ஷெட்டில் கடைசி ஆணியில் மாட்டினேன். சாரிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள் மரக்கட்டைக் கப்பல். பட்டை உரிக்காத பெரிய பெரிய தடிகள், மூன்றாவது சரக்கு அறை நிறைய. இந்தச் சரக்கைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் பச்சை மரம் வாரக்கணக்கில் கிடந்தால் காற்றில் உள்ள உயிரை அது தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது, கண் எரியாது. அதனால் ஏணிவழியின் சின்ன மூடியைத் திறந்து, குழாய் விட்டு மீட்டரில் காற்றை அளந்து பார்த்து, சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம்.

அன்று தூறல் விழுந்துகொண்டிருந்ததால் அறையின் பெரிய மூடியைத் திறக்கவில்லை. சார் முதல் அறையில் மீட்டர் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்றாவது அறையின் சின்ன மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். மஞ்சள் தொப்பிக்காரர்கள் மூடிக்குப் பக்கத்தில் நிற்பது வழக்கம். சந்தியாகு எல்லோருக்கும் முன்னால், திறப்பின் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி,” என்றார், குரலை இறக்கி. “உள்ள தண்ணி நிக்கி.”

நான் எட்டிப் பார்த்தேன். செங்குத்தான ஏணி, ஆறடி கீழே ஒரு சின்ன இரும்புத் தட்டு, அதற்குக் கீழே இருட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“எங்கன வே தண்ணி?”

“தண்ணி இல்ல. தண்ணி மாதிரி. அந்தத் தட்டுக்குக் கீழ அசையாம நிக்கி.”

“மாப்பிள்ள மேல இருந்து பாக்கான்னு படம் காட்டாதீரும்” என்றான் முத்தையா. மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முத்தையா, அந்தத் தட்டில் யாரோ விட்டுப்போயிருந்த ஒரு இரும்புக் கொக்கியைக் கண்டான். எங்களுக்கு வேண்டிய கொக்கிதான். “ஆறடிதானே” என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டான். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் அவன். விதி முழுவதும் தெரிந்தவன்.

தட்டில் கால் வைத்தான். குனிந்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, பீடி பற்றவைக்கப் போகிறவன் போல உட்கார்ந்தான்.

“ஏலே முத்தையா, என்னலே இருக்க? ஏறி வால.”

அவன் முகம் எங்களைப் பார்த்தபடிதான் இருந்தது. கண் திறந்திருந்தது. பதில் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் எல்லாக் கப்பலிலும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் போய்ச் சேருவார்கள். கூட வேலை பார்த்தவன் கண்ணெதிரில் ஆறடியில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கால் நிற்கும்? நான் கையை விரித்து மறித்து, “ஒருத்தனும் எறங்கக் கூடாது! சாரக் கூப்பிடு!” என்று கத்தினேன். ஆட்களைப் பிடித்து இழுத்தேன். சந்தியாகுவின் காலர் பக்கம் யார் கையும் போகவில்லை. மஞ்சள் தொப்பி. எழுத்து இல்லை.

அவர் மூச்சை மூன்று தடவை நெஞ்சு நிறைய இழுத்து விட்டார். நாலாவதை இழுத்து வாயை மூடினார். ஒரு முனை மேலே எங்கள் பக்கம் கிடக்க, தோளில் கயிற்றோடு இறங்கினார். அவசரமே இல்லை. முத்தையாவின் அக்குளுக்குக் கீழே கயிறு சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, இரண்டு தடவை வெட்டி இழுத்தார். சங்குக்காரர்கள் கடலுக்கடியிலிருந்து படகுக்குச் சொல்லும் அடையாளம் அது. நாங்கள் முத்தையாவைத் தூக்கினோம். தூக்குகிற நேரத்தில் சந்தியாகு கீழே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். தட்டின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து இருட்டுக்குள் பார்த்தார். பிறகுதான் ஏறினார்.

மேலே வந்து மூச்சை விட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “கீழ இன்னொரு ஆளு இருக்கான்.”

உடனே தலைகளை எண்ணினேன். பதினான்கு. திரும்ப எண்ணினேன். பதினான்கு. முத்தையாவைச் சேர்த்துப் பதினான்கு.

“யாரு வே? எல்லாரும் மேலதானே நிக்காங்க?”

“மரத்து மேல உக்காந்திருக்கான். பச்சத் தொப்பி. என்னப் பாத்துக் கையத் தூக்குனான்.”

அன்று என் கேங்கில் பச்சைத் தொப்பியே கிடையாது. இருந்த ஒரே தொப்பி, நான் இவருக்காக எழுத்துப் போட்டு ஷெட்டில் மாட்டியது. ஓர் ஆளை ஓடிப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். மூச்சிரைக்க வந்தான். “கடைசி ஆணியில தொங்குது அண்ணாச்சி.” அவன் சொன்னபோது என் முதுகில் தூறல் விழுந்ததா வேர்த்ததா என்று தெரியவில்லை.

மச்சாது சார் வந்துவிட்டார். முத்தையாவின் வாயில் ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார், அவன் இருமினான். கப்பலின் அதிகாரியிடம் இங்கிலீஷில் கேட்டார். தன் ஆட்கள் எல்லோரும் மேலே இருப்பதாக அந்த அதிகாரி தலையை ஆட்டினார். முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கப்பல்காரன் ஒருவன் தயாராக நின்றான். அந்தக் குறுகிய வழியில் சிலிண்டரோடு இறங்குவது அவனுக்கே கண்டம். கீழே ஆள் இருந்தால் இந்த நிமிடமே இறக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவன் உயிரைச் சும்மா பணயம் வைக்கக்கூடாது.

சார் சந்தியாகுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பரமசிவம், இது என்ன ஆளு?”

வழக்கமாகக் கேட்கிற அதே குரல். பதிவேட்டில் எக்ஸ்பீரியன்ஸ்ட் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு நாளாக நான் சாரிடம் மறைத்தது அப்போது வெளியே வந்தது.

“புது ஆளு சார். அஸ்பைரிங். நாந்தான் மஞ்சத் தொப்பி குடுத்துட்டேன்.”

சார் என்னைத் திட்டவில்லை. சந்தியாகுவின் தலையிலிருந்து மஞ்சள் தொப்பியைக் கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “காத்து இல்லாத எடத்துல புது ஆளு மூள இல்லாததக் காட்டும்” என்றார். “யாரும் எறங்க வேண்டாம். உள்ள காத்து அடிங்க. மழ விட்டதும் பெரிய மூடியத் தெறப்போம்.”

“நான் பாத்தேன் சார்” என்றார் சந்தியாகு. ஒரு தடவைதான் சொன்னார். கிரேனில் இருந்த மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

முக்கால் மணி நேரம் ஆனது. தூறல் நின்றது. பெரிய மூடி கரகரவென்று நகர, வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து, அந்தக் கோடு அகலமாகிக்கொண்டே மரங்களின் மேல் நகர்ந்தது. முதலில் ஒரு பச்சைத் தொப்பி தெரிந்தது. பிறகு தோள். ஏணியின் அடியில், ஏணியைப் பார்த்தபடி, ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

கப்பலின் ஆள்தான். போன துறைமுகத்தில் புதிதாக ஏறியவன். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கப்பலிலும் புது ஆளுக்குப் பச்சைதான் போலிருக்கிறது. விடியும் முன்னே, யாரும் சொல்லாமல், ஏணியைச் சரிபார்க்கத் தானே இறங்கியிருக்கிறான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், தூறலுக்கு யாரோ சின்ன மூடியைச் சாத்திவிட்டார்கள். அவனைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. நான் பதினான்கு பேரைத்தான் எண்ணினேன். எண்ணவேண்டியது கப்பலில் உள்ள தலைகளையெல்லாம்.

நாங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவன் உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாகச் சார் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரா என்று அவர் முகத்தைத் துருவிப் பார்த்தேன். தெரியவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். எக்ஸ்பீரியன்ஸ்ட் என்பதை ரப்பரால் அழித்தார். பென்சிலைச் சீவினார். வெகுநேரம் சீவினார்.

“நீ எழுதுனது பொய். அதனால ஒருத்தன் பொழச்சான். நீ சொன்னது நெசம். அத வச்சு நான் ஆளு இல்லன்னு முடிவெடுத்தேன். இப்ப இதுல என்னத்த எழுத?”

காலியாகவே விட்டு மூடினார். அடுத்த நாளும் புது ஆட்கள் வந்தார்கள். “என்ன ஆளு?” என்றார். நான் சொன்னேன். ஆனால் அதன் பிறகு, நான் சொல்லைச் சொன்ன பின்னாலும் சார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், இன்னும் ஏதாவது சொல்வேனா என்று.

முத்தையா பிழைத்தான். ஆனால் வாய் குறைந்துவிட்டது. ஒரு தடவை தானாகவே சொன்னான்: “உக்காரணும் போல இருந்துது அண்ணாச்சி. யாரோ நகந்து எனக்கு எடம் விட்ட மாதிரி இருந்துது.”

என்னை அரிப்பது அந்தக் கைதான். டாக்டர் சொன்னது சரி என்றால் என் சொல்லால் யாருக்கும் கேடு இல்லை. சந்தியாகு கண்டது சரி என்றால், அந்த முக்கால் மணி நேரமும் ஒருவன் கையைத் தூக்கிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சந்தியாகு என் கேங்கில் வேலை பார்த்தார். தினமும் காலையில் அவர் தலையையும் எண்ணுவேன். ஒரு நாளும் கேட்கத் துணிவு வரவில்லை.

மெர்சி பேசிய மறுநாள் பஸ் ஏறித் தருவைகுளம் போனேன். சந்தியாகு கடற்கரையில், மகள் பிடித்துக்கொடுக்க நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு காதும் மந்தம். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் நேராகவே வைத்திருந்தார். நான் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

“கம்ப்யூட்டர்ல உம்ம பேருக்கு நேர ஒரு வார்த்த போடணுமாம் வே. என்ன போடச் சொல்ல?”

“பிரெஷர்னு போடச் சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு நான் புதுசுதானே. தொப்பிக்குப் போயி ரோசப்பட்டேன்.” மகளைப் பார்த்துச் சிரித்தார். “ஆனா நான் பாத்தேன்னும் சேத்துப் போடணும்.”

“அதுக்குக் கட்டம் இல்ல வே.”

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பதின்மூன்று வருடக் கேள்வியைக் கேட்டேன். “அவன் கையத் தூக்குனான்னு சொன்னீரே. உம்மக் கூப்பிட்டானா?”

“கூப்பிடலயே,” என்றார், நான் இதுவரை கேட்காமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்பது போல. வலையைக் கீழே வைத்தார். வலது கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, உள்ளங்கையை என் பக்கம் விரித்து, அப்படியே அசையாமல் நிறுத்திக் காட்டினார்.

“வராதேன்னு காட்டுனான் அண்ணாச்சி. அதனாலதான் நான் கீழ போகல.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மெர்சியைக் கூப்பிட்டேன். “பிரெஷர்னு தட்டும்மா.”

“தட்டிட்டேன். மிஷின் ஏத்துக்கிட்டுது அண்ணாச்சி” என்றாள்.

நான் பஸ்ஸுக்குள் இருந்த தலைகளை எண்ணினேன். டிரைவர், கண்டக்டரைச் சேர்த்து முப்பத்தொன்று. திரும்ப எண்ணினேன்.